பேறு என்ற சொல்

தமிழில் 'பேறு' என்பது அடையத்தக்க நன்மையையும் மகப்பேற்றையும் ஒருங்கே குறிக்கும். மக்களைப் பெறாத வாழ்வில் பயனில்லை என்கிறது புறநானூற்றின் 188ஆம் பாடல். பேறுகளுள் மக்கட்பேற்றையே தலையாயதாக வைக்கிறது திருக்குறளின் ஏழாம் அதிகாரம். பிள்ளை வாய்க்காதவளுக்கு 'மலடி' என்ற வசை உண்டு. வேண்டாமென்று தேர்ந்தவளைச் சுட்டவோ சொல்லே இல்லை.

'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் பெரியார் கர்ப்பத்தடையை வலியுறுத்தியது வறுமைக்கோ உடல்நலத்துக்கோ அஞ்சியன்று; பெண்ணின் விடுதலைக்காக. ஆயினும், அத்தேர்வை மேற்கொண்டோர் இன்றும் 'மாணவர்களே என் பிள்ளைகள்', 'நூல்களே என் பிள்ளைகள்' என்று சமாதானம் சொல்ல நேர்கிறது. அது தேவையற்றது என்பேன். மாணவர் மாணவராகவும் நூல் நூலாகவும் இருக்கட்டும். அவ்வாழ்வின் பொருள் அவற்றிலேயே நிறைந்திருக்கிறது. அதற்கு இரவல் தாய்மை எதற்கு?