டிராஃபிக் ஃபைன் விழுந்தால் கார் இன்சூரன்ஸ் ஏறுமா? உண்மையில் அடி விழுவது எங்கே?

மாரியூரில் இருந்து சாயல்குடி வழியாக ராமநாதபுரம் போய் வந்த ஒரு கார் என்று வைத்துக்கொள்வோம். வீடு திரும்புவதற்குள் போனில் மெசேஜ். சீட் பெல்ட் போடவில்லை, அபராதம் 1,000 ரூபாய். அடுத்த மாதம் இன்சூரன்ஸ் புதுப்பிக்கணும். இந்த ஃபைனால் பிரீமியம் ஏறுமா?

இப்போதைக்கு ஏறாது.

காரணம் எளிது. இன்சூரன்ஸில் இரண்டு பகுதி. மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கான 'தேர்டு பார்ட்டி' கட்டணத்தை மத்திய அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலான பட்டியலில், 1,000 சிசிக்கு உட்பட்ட காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416 ரூபாய். பத்து முறை ஃபைன் கட்டியவருக்கும் ஒரு முறைகூட கட்டாதவருக்கும் ஒரே தொகைதான்.

சொந்த காரின் சேதத்துக்கான பகுதியில்தான் தள்ளுபடி உண்டு. கிளெய்ம் செய்யாத முதல் ஆண்டுக்கு 20 சதவீதம், தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் என்றால் 50 சதவீதம். ஒரு முறை கிளெய்ம் செய்தால் பொதுவாக அது பூஜ்ஜியம். அதாவது 6,000 ரூபாய் பகுதிக்கு 3,000 கட்டி வந்தவர் மறுபடி முழுசா கட்டணும். பம்பரில் சின்ன கீறலுக்கு கிளெய்ம் போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

அமெரிக்காவில் அப்படியில்லை. அங்கே ஓட்டுநரின் பழைய ரெக்கார்டைப் பார்த்துதான் பெரும்பாலும் பிரீமியம். இங்கேயும் அதைக் கொண்டுவர 2021 ஜனவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அமைத்த குழு பரிந்துரைத்தது. குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தவறான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி. புள்ளி கூடக்கூட காருக்கு 300 முதல் 1,500 ரூபாய் வரை கூடுதல் பிரீமியம். டெல்லியில் சோதனை முறையில் தொடங்கலாம் என்றார்கள். 2024-ல் டெல்லி துணைநிலை ஆளுநர் வி.கே.சக்சேனாவும் இதே கோரிக்கையுடன் நிர்மலா சீதாராமனுக்கு கடிதம் எழுதினார்.

அந்தப் பரிந்துரையில் ஒரு சிக்கல். புள்ளி ஓட்டியவருக்கு அல்ல, வண்டிக்கு. மச்சான் எடுத்துட்டுப் போய் சிக்னலைத் தாண்டினாலும் கூடுதல் பணம் கட்ட வேண்டியது ஆர்சி புத்தகத்தில் பெயர் உள்ளவர்தான். ஒரு காரை நாலு வீடு பகிர்ந்துகொள்ளும் ஊர்களில் இது சண்டையில்தான் முடியும்.

சரி, அப்போ விதியை மீறினால் இன்சூரன்ஸில் ஒன்றும் ஆகாதா? ஆகும். புதுப்பிக்கும்போது அல்ல, விபத்துக்குப் பிறகு.

2007 டிசம்பரில் டெல்லி இந்தியா கேட் அருகே ஒரு போர்ஷே கார் நடைபாதையில் மோதி எரிந்தது. ஓட்டியவருக்கு ரத்தப் பரிசோதனையே நடக்கவில்லை. ஆனாலும் மற்ற ஆதாரங்களை வைத்து, அவர் மது போதையில் இருந்தார் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் வாதத்தை 2021-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. கிளெய்ம் போச்சு.

லைசென்ஸ் விஷயமும் அப்படித்தான். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினால் சொந்த கார் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீடு கொடுத்தாலும், அதை உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம். 2004-ல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி இது. அந்தத் தொகை பல லட்சமாக இருக்கலாம்.

மீன் ஏற்றும் மினி லாரி ஓட்டுநர்களுக்கு ஒரு ஆறுதல். கார் லைசென்ஸை வைத்தே 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. லைசென்ஸ் காலாவதி ஆகாமல் இருக்கணும், அவ்வளவுதான்.

இன்சூரன்ஸே இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000, அடுத்த முறை 4,000 ரூபாய் அபராதம். காலாவதியாகி 90 நாள் தாண்டினால், சேர்த்து வைத்த 50 சதவீதத் தள்ளுபடியும் போய்விடும்.