முன்னால் வேண்டாத இரும்பு, பின்னால் இல்லாத இரும்பு

வண்டிகளின் முகப்புக் கம்பி, பம்பர், பின் தடுப்பு பற்றி எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

கார், ஜீப், வேன், பிக்-அப் எதுவானாலும் சரி, அதன் முகப்பில் குழாய்க் கம்பியில் செய்த புல் பார், கிராஷ் கார்டு எதையும் எங்கள் சங்கத்துப் பட்டறைகள் இனிப் பொருத்தாது. லாரி, டிப்பர், டிரெய்லர் எதுவானாலும் சரி, பின்னால் உறுதியான தடுப்பு இல்லாமல் எங்கள் உறுப்பினர்களின் வண்டி ரோட்டில் இறங்காது. பேத்தமங்களாவிலும் சுற்று ஊர்களிலும் டிங்கரிங், வெல்டிங் பட்டறை நடத்துபவர்கள், லாரி-டிப்பர் உரிமையாளர்கள், வாடகைக் கார் ஓட்டுநர்கள் என எல்லாரும் கூடிப் பேசி எடுத்த முடிவு இது. முதல் முடிவால் பட்டறைக்கு வருமானம் குறையும். இரண்டாவதால் வண்டிக்காரருக்குச் செலவு கூடும். இரண்டும் தெரிந்தே எடுத்தோம்.

பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை நம் ஊர் வாசலுக்கு வந்துவிட்டது. ஹொசகோட்டேயில் தொடங்கி மாலூர், பங்காருப்பேட்டை வழியாகப் பேத்தமங்களா வரும் கர்நாடகப் பகுதி, சுமார் 71 கிலோமீட்டர், 2024 டிசம்பரில் போக்குவரத்துக்குத் திறந்தது. மணிக்கு 120 கி.மீ. வேகத்துக்கென்று வடிவமைத்த சாலை அது. ராபர்ட்சன்பேட்டை ரோட்டிலும் முல்பாகல் ரோட்டிலும் 40, 50 வேகத்தில் ஓடிய வண்டிகள் அதே முகப்புக் கம்பியோடும் அதே வெறும் பின்பக்கத்தோடும் இப்போது அதில் ஏறுகின்றன. வேகம் இரு மடங்கானால் மோதலில் செலவாக வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஊர் ரோட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்த குறைகள் விரைவுச்சாலையில் உயிரைக் கேட்கும்.

இரும்பு கெட்டியாக இருந்தால் பாதுகாப்பு என்று நம் தொழிலில் காலங்காலமாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. பட்டறைக்கு வரும் காரின் முன் பம்பரைக் கழற்றிப் பார்த்தால் அந்த நம்பிக்கை எங்கே பிசகுகிறது என்று தெரிந்துவிடும். வெளியே தெரியும் பிளாஸ்டிக், பம்பரின் உறை மட்டுமே. அதற்குப் பின்னால் பல வண்டிகளில் ஒரு நுரைக் கட்டை இருக்கும். அதற்கும் பின்னால் குறுக்கே ஓடும் எஃகு பீம். பீமின் இரு முனையிலும் கையளவு நீளத்தில் ஒரு பெட்டி. மெல்லிய தகட்டில் செய்து, பக்கவாட்டில் மடிப்புக் கோடுகள் அழுத்தியிருப்பார்கள். அதைக் கிராஷ் பாக்ஸ் என்கிறோம். அதுதான் சேசிஸின் நீளச் சட்டத்தோடு போல்ட்டில் சேர்கிறது. மெதுவான மோதலில் அந்தப் பெட்டி மட்டும் நசுங்கும். நான்கு போல்ட்டைக் கழற்றிப் புதிதாக மாட்டிவிடலாம். வேகமான மோதலில் பெட்டிக்குப் பின் நீளச் சட்டமும் வரிசையாக மடிந்துகொண்டே வரும். ஆள் உட்கார்ந்திருக்கும் கூடு மட்டும் மடியக் கூடாது. பேலா பாரெனி என்ற பொறியாளர் இதை 1950-களின் தொடக்கத்திலேயே மெர்சிடிஸ் நிறுவனத்தில் காப்புரிமையாக்கினார்; 1959-இல் அது விற்பனைக் காருக்குள் வந்தது.

கணக்கு எளிதானது. 60 கி.மீ. வேகத்தில் ஒரு கார் சுவரில் மோதுகிறது. முகப்பு 60 சென்டிமீட்டர் மடிந்து வண்டி நின்றால், பெல்ட் போட்டு உள்ளே இருப்பவர் மேல் சராசரியாக அவர் எடையைப் போல சுமார் 24 மடங்கு விசை விழும். தாங்கவே கடினம், ஆனால் பிழைக்க வழியுண்டு. அதே முகப்பு மடிய மறுத்து 20 சென்டிமீட்டரில் நின்றுவிட்டால் விசை 70 மடங்கைத் தாண்டும். வண்டி அழகாக இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

கோலார் தங்கவயலில் இந்த அறிவு புதிதல்ல. 1964-இல் தொடங்கிய பெமல் நிறுவனத்தின் நம் ஊர் ஆலையில் புல்டோசர் செய்கிறார்கள். ஓட்டுநர் தலைக்கு மேல் நிற்கும் உருளல் பாதுகாப்புச் சட்டத்துக்கான உலகத் தரம், ஐ.எஸ்.ஓ. 3471, முக்கியமாகக் கேட்பது இரண்டு: வண்டி உருளும்போது சட்டம் வளைந்து ஆற்றலை வாங்க வேண்டும், வளைந்த சட்டம் ஓட்டுநர் இருக்கும் இடத்துக்குள் நுழையக் கூடாது. நம் குடும்பங்களில் எத்தனையோ பேர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள். அங்கே கற்றதை நம் வீட்டுக் காருக்கும் பொருத்திப் பார்ப்போம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

புல் பார் செய்யும் கெடுதல் இப்போது விளங்கும். இரண்டு அங்குலக் குழாயை வளைத்து, கனத்த பிராக்கெட் வைத்து, நேராக நீளச் சட்டத்தில் போல்ட் போடுகிறோம். மோதலின் அடி நுரையையும் பீமையும் கிராஷ் பாக்ஸையும் தாண்டி ஒரே பாய்ச்சலில் சேசிஸுக்குப் போகிறது. ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்பதை, வண்டி எப்படி வேகம் குறைகிறது என்று சென்சார் அளந்து முடிவு செய்கிறது. கம்பி பொருத்திய வண்டியில் அந்த அளவே மாறிப்போகும். பை பிந்தி விரியலாம், தேவையில்லாமல் விரியலாம், விரியாமலும் போகலாம். தயாரித்த நிறுவனம் சோதித்த வண்டி வேறு, கம்பி போட்டபின் ஓடும் வண்டி வேறு.

இது வண்டிக்குள் இருப்பவர் கதை. வெளியே இருப்பவர் கதை இதைவிடக் கொடுமையானது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் கொடுத்தது. அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் வந்தவர்கள், 19.5 விழுக்காட்டினர் நடந்துபோனவர்கள். இவர்கள் மேல் மோதும்போது கொஞ்சமாவது விட்டுக்கொடுக்கட்டும் என்றுதான் பம்பர் உறையும் பானெட்டும் வளையும்படி செய்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு இரும்புக் குழாயை நிறுத்தினால், அது பெரியவருக்கு இடுப்பு உயரம், பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குத் தலை உயரம். இந்த ஒரு காரணமே எங்களுக்குப் போதும்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2017 டிசம்பர் 7-ஆம் தேதி அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதிய கடிதத்தில் கிராஷ் கார்டும் புல் பாரும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுக்கு மாறானவை என்று தெளிவாகச் சொன்னது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை உறுதி செய்தது. 2019 திருத்தத்தின்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். ஆனாலும் கே.ஏ.-08 பலகையோடு, முன்னால் பளபளக்கும் கம்பியோடு வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அபராதத்துக்குப் பயந்து நாங்கள் இந்த முடிவுக்கு வரவில்லை. வெல்டிங் ராடைப் பிடிப்பது எங்கள் கை. அந்தக் கை செய்ததால் ஒரு பிள்ளை சாகக் கூடாது. (இருசக்கர வண்டியின் கால் கார்டு, சேலை கார்டு பற்றி இந்த அறிக்கை பேசவில்லை. அது வேறு விஷயம்.)

கூட்டத்தில் எதிர்க் குரலும் எழுந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. "மாடு குறுக்கே வருது, நாய் வருது, பார்க்கிங்கில் எவனாவது இடிச்சிட்டுப் போறான். பம்பர் உறை மாத்தவே ஆயிரக்கணக்கில் ஆகுது. கம்பி போட்டா அந்தச் செலவு மிச்சம்" என்றார்கள் வாடகைக் கார் ஓட்டுநர்கள். நியாயமான கவலை. மாதத் தவணை கட்டி வண்டி ஓட்டுபவருக்கு ஒரு பம்பர் செலவு ஒரு வாரக் கூலியைத் தின்றுவிடும். எங்கள் பதில் இது: உறை உடைந்தால் ஒட்டி, வெல்டு செய்து, பெயிண்ட் அடித்துத் தருவதற்குச் சங்கப் பட்டறைகள் உறுப்பினர்களிடம் பொருள் விலையும் கூலியும் மட்டும் வாங்கும், லாபம் வைக்காது. ஆனால் உள்ளே இருக்கும் பீமோ கிராஷ் பாக்ஸோ நசுங்கியிருந்தால் தட்டி நிமிர்த்திக் கொடுக்க மாட்டோம். ஒருமுறை மடிந்த பெட்டி மறுமுறை அதே மாதிரி மடியாது. புதிது வாங்கித்தான் ஆக வேண்டும்.

பின்பக்கத்துக்கு வருகிறோம். நாங்கள் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

காரின் பம்பர் பீம் தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லாரியின் தளம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கு மேல். இரவில் ஓரமாக நிற்கும் லாரியின் பின்னால் கார் மோதினால், பின் தடுப்பு இல்லாதபோது, பம்பர் எதிலும் படாது. கிராஷ் பாக்ஸ் மடியாது, நீளச் சட்டம் மடியாது. பானெட் அப்படியே தளத்துக்கு அடியில் நுழைந்துவிடும். முதலில் லாரியைத் தொடுவது முன் கண்ணாடி; அதற்குப் பின்னால் இருப்பது மனிதத் தலை. மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம் வாங்கிய காராக இருந்தாலும் அந்த இடத்தில் அதனால் ஒன்றும் ஆகாது.

இதைத் தடுக்கத்தான் பின் தடுப்பு. இந்தியத் தர விதி ஐ.எஸ். 14812 அதற்கானது. காலி வண்டியில் அதன் கீழ் விளிம்பு தரையிலிருந்து 550 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது; குறுக்குச் சட்டத்தின் உயரம் 100 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது; பின் சக்கரங்களின் அகலத்துக்கு ஏறக்குறைய முழுவதும் நீள வேண்டும்; முனை கூராக இருக்கக் கூடாது. நம் ரோட்டில் ஓடும் டிப்பரின் பின்னால் குனிந்து பாருங்கள். சிலவற்றில் ஒற்றை ஆங்கிள், அதுவும் நம்பர் பலகை மாட்டுவதற்கு. சிலவற்றில் பிராக்கெட்டின் வெல்டு விட்டுப்போய் கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கும். லோடு கொட்டும்போது தட்டுகிறது, குவாரி மேட்டில் இறங்கும்போது உரசுகிறது என்று ஒரு முழம் மேலே தூக்கி மறுபடி வெல்டு செய்திருப்பார்கள். அப்படித் தூக்கிக் கொடுத்ததில் எங்கள் பட்டறைகளுக்கும் பங்கு உண்டு. எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போகும் நாளில் மட்டும் மாட்டிவிட்டு, திரும்பி வந்ததும் கழற்றி ஷெட்டில் சாய்க்கும் வழக்கமும் இருக்கிறது. இவை எல்லாம் நிற்க வேண்டும்.

அமெரிக்காவில் நடிகை ஜெயின் மான்ஸ்ஃபீல்ட் 1967-இல் இப்படி ஒரு லாரியின் பின்னால் கார் நுழைந்துதான் இறந்தார். அந்தத் தடுப்புக்கு அங்கே இன்றும் அவர் பெயரையே சொல்கிறார்கள். ஆனாலும் மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் வரும் சிறிய காரைத் தடுப்பு தாங்கி நிறுத்த வேண்டும் என்று அங்கே விதி வந்தது 2022-இல்தான். ஐ.நா.வின் 58-ஆவது விதி முதலில் தாங்கு புள்ளி ஒன்றுக்கு அதிகபட்சம் 100 கிலோநியூட்டன், அதாவது சுமார் 10 டன், தாங்கினால் போதும் என்றது. பின்னர் அதை 180 ஆக உயர்த்தியது. இந்த எண்களைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 10 டன்னோ 18 டன்னோ தாங்குவது குறுக்குச் சட்டத்தின் வேலை மட்டுமல்ல. அதைச் சேசிஸோடு பிடிக்கும் பிராக்கெட், கஸட் பிளேட், போல்ட் எல்லாம் சேர்ந்துதான் தாங்க வேண்டும். பெரும்பாலும் முதலில் விட்டுப்போவது பிராக்கெட்தான். ஆகவே பின் தடுப்பைச் சொந்தமாக வடிவமைக்க மாட்டோம்; சோதித்து ஒப்புதல் பெற்றதையே, தயாரிப்பாளர் காட்டிய இடத்தில், அவர் சொன்ன போல்ட்டில் பொருத்துவோம்.

டிராக்டர் டிரெய்லர்தான் சிக்கல். கோலார் மண்டிக்குத் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் போகும் டிரெய்லர்களில் பலவற்றுக்குப் பின் விளக்கே கிடையாது, தடுப்புக்கு எங்கே போவது. விவசாயியை மிரட்டி இதைச் சரிசெய்ய முடியாது. உள்ளூரில் டிரெய்லர் கட்டுபவர்கள் அப்படியே பின்பற்றக்கூடிய, சோதனையில் தேறிய எளிய பின் தடுப்பு வரைபடம் ஒன்றை மாநிலப் போக்குவரத்துத் துறை கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் வெளியிட வேண்டும் என்று கேட்கிறோம். அதுவரை எங்களிடம் எந்த வேலைக்கு வரும் டிரெய்லருக்கும் பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் ஒளிரும் பட்டையைக் கூலி வாங்காமல் ஒட்டித் தருவோம்.

டிங்கரிங் வேலை பற்றியும் ஒரு முடிவு. இப்போதைய கார்களில் நடுத் தூண், கதவுக்குள் ஓடும் பீம் போன்றவை பலவும் போரான் எஃகு. சுமார் 900 டிகிரிக்குச் சூடாக்கி அச்சுக்குள்ளேயே அழுத்திக் குளிரவைப்பதால் அது சாதாரண எஃகைவிடப் பல மடங்கு வலுவாகிறது. கேஸ் வைத்துச் சுட்டு நிமிர்த்தினால் அந்த வலு போய்விடும். மேலே பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தபின் யார் கண்ணுக்கும் தெரியாது. அடுத்த மோதலில்தான் தெரியும். எனவே அந்தப் பாகங்களில் கேஸ் படக் கூடாது. தயாரிப்பாளர் குறித்த இடத்தில் வெட்டிப் புதிய பாகம் வைக்க வேண்டும். இதற்கான பயிற்சியை ஊர்காமில் உள்ள டாக்டர் டி. திம்மையா தொழில்நுட்பக் கல்லூரி எங்கள் பட்டறைப் பிள்ளைகளுக்கு நடத்தித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

விரைவுச்சாலை ஓரத்து இரும்புத் தடுப்பைப் பற்றி நம் ஊர்க்காரர்களிடம் ஒன்று. வயலுக்குக் குறுக்கு வழி வேண்டுமென்று அந்த பீமை ஓரிடத்தில் அவிழ்த்துவிடுகிறார்கள். 3 மி.மீ. தகடுதான் அது. நீளமாக ஒன்றோடொன்று பிணைந்து இழுபட்டு நிற்பதால்தான் வண்டியைத் தாங்கி வழிக்குத் திருப்புகிறது. ஒரு துண்டு போனால் இரு பக்கமும் வலு போகும். வெட்டிய முனை வண்டிக்குள் பாயும். கீழே போதுமான சுரங்கப்பாதை இல்லை என்பது உண்மையான குறை. அதைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் தீர்க்க வேண்டும். அந்தக் கோரிக்கைக்கு நாங்களும் கையெழுத்திடுவோம்.

முகப்புக் கம்பியை எடுத்துவிட நினைக்கும் உரிமையாளர்கள் எந்த உறுப்பினர் பட்டறைக்கும் வரலாம். அவிழ்க்கக் கூலி இல்லை. கம்பி உங்களுடையது, பழைய இரும்பாகப் போட்டு வரும் பணமும் உங்களுடையதே. பிராக்கெட்டுக்காகத் துளையிட்ட இடங்களில் துரு எடுத்து பிரைமர் அடித்துத் தருவோம். நீளச் சட்டத்தில் வெல்டு செய்தே கம்பி பொருத்தியிருந்தால் அதை அந்த இடத்திலேயே வெட்டிவிட மாட்டோம். சட்டம் பழுதாகியிருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். அதற்கு ஒரு நாள் வண்டியை விட்டுப்போக வேண்டியிருக்கும்.