நிஸ்ஸங்கவை ஏன் இறக்கவில்லை?

2025 செப்டெம்பர் 26, வெள்ளிக்கிழமை இரவு. துபாயில் ஆசியக் கிண்ணத்தின் சுப்பர் நான்கு சுற்று. இந்தியா 202 ஓட்டங்கள், இலங்கையும் 202. பெத்தும் நிஸ்ஸங்க 58 பந்துகளில் 107 அடித்து, கடைசி ஓவரின் முதல் பந்தில் ஆட்டமிழந்திருந்தார். ஆட்டம் சுப்பர் ஓவருக்குப் போனது. இலங்கைக்காக இறங்கியவர்கள் குசல் பெரேராவும் தசுன் ஷானக்கவும். அர்ஷ்தீப் சிங்கின் முதல் பந்திலேயே குசல் போனார், கமிந்து மெண்டிஸ் வந்தார், ஷானக்கவும் போனார். கணக்கு இரண்டு ஓட்டங்களில் நின்றது. சூரியகுமார் யாதவ் முதல் பந்திலேயே மூன்றை ஓடி முடித்துவிட்டார்.

இறுதிப்போட்டி வாய்ப்பை இலங்கை அதற்கு முன்பே இழந்துவிட்டது. அந்தத் தோல்வியால் புதிதாகப் பறிபோனது எதுவுமில்லை. ஆனாலும் கல்முனையில், சாய்ந்தமருது தொடக்கம் மருதமுனை வரை தேத்தண்ணிக்கடை வாங்குகளிலும் சலூன் கதிரைகளிலும் அந்த ஓவர் இலேசில் முடியவில்லை. "நூறு அடிச்சவன் உள்ளுக்கு இரிக்கக்குள்ள என்னத்துக்கு மச்சான் வேற ஆக்கள இறக்கின?"

பயிற்றுவிப்பாளர் சனத் ஜயசூரிய பதில் சொன்னார். நிஸ்ஸங்கவுக்குத் தொடைத் தசையில் உபாதை இருந்தது, அவரை மீண்டும் இறக்கி ஆபத்தைத் தேட விரும்பவில்லை என்றார். வாதம் அத்தோடு ஓயவில்லை. ஆனால் அதன் தரம் மாறியது. "மூளையில்லாத ஆக்கள்" என்ற வசை பின்னுக்குப் போய், பொருள் உள்ள கேள்விகள் முன்னுக்கு வந்தன. 58 பந்து தாங்கிய காலுக்கு இன்னும் ஆறு பந்து பாரமா? வெல்வதால் பயனில்லாத ஆட்டத்துக்காக ஒரு தொடக்க வீரரைப் பல வாரங்களுக்கு இழக்கலாமா? இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. காரணம் தெரிந்த பிறகுதான் உண்மையான வாதமே தொடங்கியது.

கிரிக்கெட் வாதத்தை வெட்டிப்பேச்சு என்று ஒதுக்குவோரிடம் இந்தத் தலையங்கம் உடன்படவில்லை. நம் இளைஞர்கள் வேறெங்கும் பழகக் கிடைக்காத ஒன்றை அங்கே பழகுகிறார்கள்: ஒரு தீர்மானத்தை அதன் விளைவிலிருந்து பிரித்துப் பார்ப்பது. 1996 மார்ச் 17இல் லாகூரில் நாணயச் சுழற்சியில் வென்ற அர்ஜுன ரணதுங்க, அவுஸ்திரேலியாவைத் துடுப்பெடுத்தாடச் சொன்னார். அதற்கு முந்திய ஐந்து உலகக் கிண்ண இறுதிப்போட்டிகளிலும் முதலில் ஆடிய அணியே வென்றிருந்தது. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 எடுக்க, கிண்ணம் வீடு வந்தது, ரணதுங்க மேதையானார். 2023 செப்டெம்பர் 17இல் கொழும்பில், ஆசியக் கிண்ண இறுதியில், நாணயச் சுழற்சியில் வென்ற ஷானக்க முதலில் துடுப்பெடுத்தாடத் தீர்மானித்தார். அதன் பின்னரே மழை வந்து தொடக்கம் தாமதமானது. இந்தியாவின் சிராஜ் 21 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளைச் சாய்க்க, அணி 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது, ஷானக்க முட்டாளானார். அரவிந்த மூன்று ஓட்டங்களில் போயிருந்தால் ரணதுங்கவின் அதே தீர்மானத்தை என்னவென்று அழைத்திருப்போம்? இந்தக் கேள்வியைக் கேட்கும் ஒருவராவது ஒவ்வொரு கடையிலும் இருக்கிறார். பெரும்பாலும் அவருடைய குரல்தான் எடுபடுவதில்லை.

'ஃபோர்ம்' பற்றிய சண்டையும் அப்படித்தான். 2014 உலக இருபதுக்கு இருபது தொடரில் இறுதிப்போட்டி வரை குமார் சங்கக்கார எந்த ஆட்டத்திலும் 20 ஓட்டங்களைத் தொடவில்லை. அணித்தலைவர் சந்திமாலே வெளியில் இருக்க, மாலிங்க தலைமை தாங்கிய அணி அது. தலைவரையே வெளியில் வைக்கலாம் என்றால் ஓட்டம் எடுக்காத சங்கக்காரவை ஏன் வைத்திருக்க வேண்டும் என்ற வாதத்தில் தவறில்லை. எதிர்ப்பக்கத்தில் இந்தியாவின் யுவராஜ் சிங் அதே தொடரில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 60 அடித்திருந்தார். மிர்பூர் இறுதிப்போட்டியில் யுவராஜ் 21 பந்துகளில் 11 ஓட்டங்களோடு திணறினார். சங்கக்கார ஆட்டமிழக்காமல் 52 எடுத்துக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். இதிலிருந்து 'பழையவர்களை எப்போதும் நம்பு' என்று பாடம் எடுத்தால் அடுத்த தொடரிலேயே அடி விழும். அண்மைய எண்களுக்கு எவ்வளவு, நெடுங்கால அனுபவத்துக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் புதிதாக நிறுத்துப் பார்க்க வேண்டும். வழி அது ஒன்றுதான்.

இப்படி நிறுத்துப் பேசும் நம்மவரிடம் சில வேளை வேறொரு கேள்வி வீசப்படுகிறது: நீ யார் கேட்க? பாகிஸ்தானுடன் ஆட்டம் என்றால், முஸ்லிம்கள் எந்தப் பக்கம் என்ற சந்தேகமும் சேர, அதன் தொனி இன்னும் கூர்மையாகும். 1990இல் பிரித்தானிய அரசியல்வாதி நோர்மன் டெபிட், ஆசியாவிலிருந்து குடியேறியவர்கள் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்பதை வைத்து அவர்களின் விசுவாசத்தை அளக்கப் பார்த்தார். கல்முனையில் யாரும் குடியேறி வந்தவர் அல்லர். வசீம் அக்ரமின் யோக்கரை ரசித்தவர் இங்கே நிறையப் பேர். 2022 ஆசியக் கிண்ண இறுதியில் 58க்கு ஐந்து என்ற நிலையிலிருந்து பானுக்க ராஜபக்ஷ 71 எடுத்துப் பாகிஸ்தானை வீழ்த்த வழி செய்தபோது நெஞ்சு நிமிர்ந்தவரும் நிறையப் பேர். இரண்டும் ஒரே ஆளாகவும் இருக்கலாம். சொந்த அணியை ஏசுவதற்கு உரிமையுள்ளவன்தான் அதைச் சொந்தம் என்கிறான். கைதட்ட மட்டும் அனுமதிக்கப்பட்டவன் விருந்தாளி.

ஆனால் அந்தச் சொந்தத்துக்கு மறுபக்கத்திலிருந்து என்ன கிடைத்திருக்கிறது? 2020இல் தொடங்கிய லங்கா பிரீமியர் லீக்கில் ஐந்து அணிகள்: கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம். 2022இல் தொடங்கிய தேசிய சுப்பர் லீக்கிலும் அதே ஐந்து ஊர்கள். திருகோணமலை இல்லை, மட்டக்களப்பு இல்லை, அம்பாறை இல்லை. கிழக்கு மாகாணம் முழுவதுமே விடுபட்டிருக்கிறது. நம் பையன்கள் மென்பந்தில் வளர்ந்து மென்பந்திலேயே முடிகிறார்கள். கடினபந்துக்கு ஆடுகளம் வேண்டும், பயிற்றுநர் வேண்டும், காலணியும் காப்பணியும் வாங்கப் பணம் வேண்டும். எல்லாம் தேடிக்கொண்டவனும் பெயர் பெற்ற கழகம் ஒன்றைத் தேடிக் கொழும்புக்குப் போக வேண்டும். நிஸ்ஸங்கவை ஏன் இறக்கவில்லை என்று கேட்ட அதே வாயால், கிழக்கை ஏன் இறக்கவில்லை என்றும் இலங்கை கிரிக்கெட் நிறுவனத்திடம் கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு விளக்கம் வந்தது. இரண்டாவதை நாம் போதிய சத்தத்தில் கேட்கவேயில்லை.

இன்னொன்றையும் நாம் கேட்கவில்லை. 2018 பெப்ரவரியில் நாம் தெரிவுசெய்த மாநகர சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதி நாட்டின் 339 உள்ளூராட்சி சபைகளுக்குத் தேர்தல் நடந்தபோது கல்முனை அதில் இல்லை; நீதிமன்ற வழக்கு நிலுவையில் இருந்தது. பதினொரு பேரின் பெயரையும் துடுப்பாட்ட வரிசையில் ஒப்புவிக்கும் ஊருக்கு, தன் குப்பையையும் வடிகானையும் பார்க்கும் சபையைத் தெரிவுசெய்ய முடியவில்லை. சாய்ந்தமருதுக்குத் தனிச்சபை, கல்முனை வடக்குக்குத் தனிப் பிரதேச செயலகம் என்ற பேச்சுகள் வரும்போது நமது நிதானம் எங்கே போகிறது? ஆட்டத்தில் ஓட்ட விபரம் பார்த்துப் பேசுகிறவர்கள், இங்கே எல்லைப் படத்தைப் பார்க்காமல் பேசுபவனின் பெயரைப் பார்க்கிறோம். தமிழன் சொன்னால் ஒரு கணக்கு, முஸ்லிம் சொன்னால் இன்னொரு கணக்கு, சாய்ந்தமருதான் சொன்னால் மூன்றாவது கணக்கு.

வெளியார் நம்மிடம் கேட்டால் சுடுகிற அதே 'நீ யார் கேட்க?' என்ற வசனத்தை நாமும் தாராளமாகச் செலவு செய்கிறோம். பள்ளிவாசல் நிருவாகத்தின் கணக்கைக் கேட்கும் இளைஞனிடம், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் கை உயர்த்தும் தாயிடம், விளையாட்டுக் கழகத்தின் அணித் தெரிவில் சொந்தக்காரப் பையன்கள் மட்டும் ஏன் என்று கேட்கும் பந்துவீச்சாளனிடம். கோடிக்கணக்கானோர் பார்க்கும் அணியின் பயிற்றுவிப்பாளர் ஓர் ஓவருக்காகக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊரின் சின்னஞ்சிறு பதவிக்காரர் சொல்ல வேண்டியதில்லை என்றால், அதைப் பழக்கியவர்கள் நாம்தான்.

அடுத்த தொடர் வரும். வாதம் சூடாகவே நடக்கட்டும். அதில் பழகிய மூன்று காரியங்களை மட்டும் ஊர்க் கூட்டங்களுக்கும் கொண்டுவருவோம்: முதலில் விபரத்தைக் கேட்பது, காரணத்தைக் கேட்டபின் தீர்ப்புச் சொல்வது, கேட்பவனின் ஊரையும் பெயரையும் கணக்கில் எடுக்காதிருப்பது. அணித்தலைவருக்கு நாம் விதிக்கும் சட்டம் தலைவர்கள் எல்லோருக்கும் பொருந்த வேண்டும்.