கப்பலில் கூந்தல் அலங்காரம்

பிரயாணத்துக்குப் பெட்டி கட்டுவது என்பது நம் வீடுகளில் ஒரு தனிக் கலை. ரயிலுக்கு ஒரு விதம், கல்யாணத்துக்கு ஒரு விதம், க்ஷேத்திராடனத்துக்கு ஒரு விதம். உல்லாசக் கப்பலுக்கு எப்படிக் கட்டுவது என்பதை மட்டும் நம் பாட்டிமார் சொல்லி வைத்துவிட்டுப் போகவில்லை. அவர்கள் காலத்தில் கப்பல் ஏறியவர்கள் பெரும்பாலும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் பிழைக்கப் போனவர்கள். கூந்தலைச் சுருட்டி விட்டுக்கொள்ள அவர்களுக்கு ஏது அவகாசம்? இப்போது நிலைமை வேறு. 2022 ஜூன் மாதத்தில் 'எம்ப்ரஸ்' என்னும் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்தே உல்லாசப் பிரயாணம் புறப்பட்டது. அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரும், பிள்ளைகளின் வற்புறுத்தலுக்கு இணங்கி நாலைந்து நாள் கடலில் மிதந்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஆகவே இந்த வாரம், பெட்டிக்குள் போகும் மின்சாரச் சாமான்களைப் பற்றிச் சற்றுப் பேசலாம்.

இந்த விஷயத்தை என்னிடம் கிளப்பியவர் என் மாணவி ஒருத்தியின் தாயார். "ஸார், தலைமயிரை நீட்டிவிடுகிற ஸ்ட்ரெய்ட்னரைக் கப்பலில் விடுவார்களாம். இஸ்திரிப் பெட்டியை மட்டும் விடமாட்டார்களாம். இரண்டும் சூடாகிற தகடுதானே? இதிலே என்ன நியாயம்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. என் வகுப்பில் யாராவது இப்படிக் கேட்டால் அன்றைய பாடத்தை மூடி வைத்துவிட்டு இதைத்தான் பேசுவேன்.

முதலில் சட்டம் என்னவென்று பார்ப்போம். ராயல் கரீபியன், கார்னிவல் போன்ற பெரிய கப்பல் கம்பெனிகள் ஹேர் டிரையர், கர்லர், ஸ்ட்ரெய்ட்னர், மின்சார க்ஷவரக் கருவி இவற்றைப் பிரயாணிகள் கொண்டுவர அனுமதிக்கின்றன. இஸ்திரிப் பெட்டியும், துணிக்கு நீராவி காட்டும் ஸ்டீமரும், காபி போடும் இயந்திரமும், மெழுகுவர்த்தியும், ஊதுவத்தியும் கூடாது. சில கம்பெனிகளில் மின்சார ஒத்தடப் பையும் கூடாது. நம்மவர் பெட்டிகளில் தவறாமல் இடம் பிடிக்கும் சிறிய ரைஸ் குக்கர், கெட்டில், வாளியில் போட்டு வெந்நீர் வைக்கும் ஹீட்டர் கம்பி ஆகியவற்றுக்கும் இதே கதிதான். காலையில் ஒரு துண்டு கற்பூரம் ஏற்றாமல் காபி சாப்பிடாத பெரியவர்கள் கப்பலில் இருக்கும் நாட்களில் மானசீகமாகவே தீபாராதனை செய்துகொள்ள வேண்டியதுதான். விதிகள் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். அவ்வப்போது மாறவும் மாறும். டிக்கட்டோடு வரும் ஜாபிதாவைப் பெட்டி கட்டுவதற்கு முன்னால் படிப்பது நல்லது. கட்டி முடித்துப் பூட்டிவிட்ட பிறகு படிப்பதுதான் நம் வழக்கம்.

இத்தனை கண்டிப்பு எதற்கு என்பதைச் சொல்ல வேண்டும். வீட்டில் தீப்பிடித்தால் தெருவுக்கு ஓடலாம். தீயணைப்பு வண்டி மணி அடித்துக்கொண்டு வரும். கப்பலுக்குத் தெரு இல்லை, சுற்றிலும் சமுத்திரம். தீயணைக்க வேண்டியவர்களும் அந்தக் கப்பலின் சிப்பந்திகளேதான். 2024-இல் கடலுக்கு வந்த 'ஐகான் ஆஃப் தி ஸீஸ்' என்ற கப்பலில் ஒரே சமயத்தில் 7,600 பிரயாணிகள் வரை போகலாம். நம் ஜில்லாக்களில் எத்தனையோ கிராமங்களின் ஜனத்தொகை அவ்வளவு இராது. அத்தனை பேரும் ஒரே கூரையின் கீழ், அடுக்கடுக்கான சிறு அறைகளில் தூங்குகிறார்கள்.

1934-ஆம் ஆண்டு செப்டம்பரில் 'மாரோ காஸில்' என்ற அமெரிக்கக் கப்பல், நியூ ஜெர்ஸிக் கரைக்கு அருகில், கரையிலிருப்போர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் எரிந்தது. தீ தொடங்கிய இடம் கடிதம் எழுதும் அறையிலிருந்த ஓர் அலமாரி. 137 பேர் மாண்டார்கள். 1965 நவம்பரில் மையாமியிலிருந்து நாஸோவுக்குச் சென்ற 'யார்மத் காஸில்' கப்பலில், ஆள் குடியிராமல் சாமான்கள் போட்டு வைத்திருந்த ஓர் அறையில் நள்ளிரவில் நெருப்புப் பற்றியது. 90 உயிர்கள் போயின. கப்பல்களில் எரியக்கூடிய மரவேலைகளைக் குறைக்கவேண்டும் என்ற சர்வதேச விதிகள் அதற்குப் பிறகு மிகவும் இறுகின. 2006 மார்ச்சில் ஜமெய்க்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த 'ஸ்டார் பிரின்ஸஸ்' கப்பலில் அறைகளை ஒட்டிய பால்கனிகளில் தீ பரவிற்று; யாரோ அணைக்காமல் எறிந்த சிகரெட்டே காரணமாக இருக்கவேண்டும் என்று விசாரணையில் கருதப்பட்டது. ஒரு பிரயாணி இறந்தார். இந்த மூன்றில் எதிலும் இஸ்திரிப் பெட்டி குற்றவாளி அல்ல. வீண் பழி வேண்டாம். ஆனால் பார்ப்பார் இல்லாத ஒரு மூலையில் பிறக்கும் சிறு நெருப்பு கப்பலை என்ன செய்யும் என்பது இவற்றால் தெரிகிறது.

இனி அந்த அம்மாளின் கேள்விக்கு வருகிறேன். ஸ்ட்ரெய்ட்னரின் தகடு 200 டிகிரி செல்ஷியஸுக்கு மேலும் சூடாகக்கூடியது. சூட்டில் அது இஸ்திரிப் பெட்டிக்கு இளைத்ததல்ல. ஆயினும், அது சூடாயிருக்கும் நேரமெல்லாம் ஒரு மனிதரின் கையில், அவருடைய காதுக்கு அரை அங்குல தூரத்தில் இருக்கிறது. அதை மறந்துவிட்டு வம்பு பேசப் போக முடியாது, காதே ஞாபகப்படுத்திவிடும். இஸ்திரிப் பெட்டியோ துணியின் மேல் வேலை செய்வது. கப்பல் அறையில் அதற்கு மேஜை கிடையாது. மெத்தையின் மேல்தான் துணியை விரிப்பார்கள். அந்தச் சமயம் பார்த்துக் கதவைத் தட்டுகிறார் ஒருவர். இன்னொன்றும் உண்டு. துணியைச் சலவைக்குக் கொடுத்தால் கப்பலிலேயே பெட்டி போட்டுத் தருகிறார்கள். சில கப்பல்களில் பிரயாணிகளே பெட்டி போட்டுக்கொள்ள ஒரு தனி அறையும் வைத்திருக்கிறார்கள். தலையைக் கழற்றிச் சலவைக்குக் கொடுக்க முடியுமா? இது என் அனுமானம். கம்பெனிக்காரர்கள் காரணத்தை விவரித்து எழுதுவதில்லை. ஆகவே ஸ்ட்ரெய்ட்னருக்குக் கிடைத்திருப்பது நம்பிக்கையின் பேரில் கொடுத்த சலுகை என்றே நான் கொள்கிறேன். தானாக அணைந்துவிடும் அமைப்புள்ள கருவியாகப் பார்த்து வாங்குவதும், வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்குவதும், சூடு ஆறும்வரை வெப்பம் தாங்கும் விரிப்பின் மேல் வைப்பதும் அந்த நம்பிக்கைக்குச் செய்யும் மரியாதை. கரையில் மேஜை மேல் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கும். கப்பல் சற்றே சாய்ந்தால் அது வழுக்கிக்கொண்டு போய்த் தரைக் கம்பளத்தில் விழும்.

மின்சாரத்தின் கதை இதைவிடச் சுவையானது. நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்கர்களுக்கு ஏறக்குறைய 120. பெரிய கப்பல்களின் அறைகளில் சாதாரணமாக அமெரிக்க முறைப்படி தட்டையான இரண்டு முனைகள் நுழையும் துவாரமும், ஐரோப்பிய முறைப்படி உருண்டையான இரண்டு முனைகள் நுழையும் துவாரமும் இருக்கும். முன்னதில் 110 வோல்ட், பின்னதில் 220. நம் ஊர் மூன்று முனைப் பிளக் இரண்டிலும் நுழையாது. உடனே கடைக்குப் போய் அடாப்டர் வாங்குகிறோம். அடாப்டர் பிளக்கின் உருவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. வேஷம் மாறினாலும் ஆள் மாறவில்லை.

நம் ஹேர் டிரையரை 110 வோல்ட்டில் செருகினால் என்ன ஆகும்? வோல்ட் பாதியானால் வெப்பமும் பாதியாகும் என்றே பலரும் நினைப்பார்கள். வோல்ட் குறையும்போது ஓடும் மின்சாரமும் குறைகிறது. இரண்டும் பெருகித்தான் வெப்பம் உண்டாவதால், அது நாலில் ஒரு பங்காகிவிடும். 1,200 வாட் கருவி 300 வாட் கருவியாகி, மூச்சு விடுவது போல் ஊதும். அமெரிக்க மருமகளின் கருவியை இரவல் வாங்கி 220-இல் செருகினால் விபரீதம் எதிர்த் திசையில். வெப்பம் நாலு மடங்கு ஏறி, சில விநாடிகளில் கருகிய வாசனை வரும். இதைத் தவிர்க்கப் பௌதிகம் படித்திருக்க வேண்டியதில்லை. கருவியின் மேல் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்தால் போதும். 100-240 வோல்ட் என்றிருந்தால் இரண்டிலும் வேலை செய்யும். ஸ்ட்ரெய்ட்னர்களில் இந்த ரகம் கிடைக்கிறது. 220-240 என்று மட்டும் இருந்தால் உருண்டைத் துவாரம்தான் அதற்குக் கதி. குளியலறையில் க்ஷவரத்துக்கென்று ஒரு துவாரம் இருந்தால் அதில் டிரையரைச் செருகவே கூடாது; சில வாட் மட்டும் வேண்டிய சிறு கருவிக்காக வைத்தது அது.

நாலு துவாரமுள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியை எடுத்துப் போகலாமா என்று கேட்பார்கள். மின்னழுத்தம் திடீரென்று ஏறும்போது கருவிகளைக் காப்பாற்றுவதற்காகச் செய்த 'சர்ஜ் புரொடெக்டர்' உள்ள பெட்டியைக் கப்பலில் சேர்ப்பதே இல்லை. காப்பாற்றுகிற சாதனத்தையே தடுக்கிறார்களே என்று தோன்றும். காரணம் இருக்கிறது. வீட்டில் வரும் இரண்டு கம்பிகளில் ஒன்றில்தான் உயிர் உண்டு. மற்றது பூமியோடு தொடர்புடையது. கப்பல்களிலோ இரண்டு கம்பிகளிலும் உயிர் இருப்பது வழக்கம். கரைக்கென்று செய்த சாதனம் ஒரு கம்பியை மட்டும் துண்டித்துவிட்டு வேலை முடிந்ததென்று ஓய்ந்துவிடும். மற்றக் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். சாதனம் உள்ளுக்குள் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். அமெரிக்கக் கடலோரக் காவற்படையினர் 2013-இல் இதைப் பற்றி ஓர் எச்சரிக்கையே வெளியிட்டார்கள்.

ஸ்திரீகள் இத்தனை கருவிகளைச் சுமக்கத்தான் வேண்டுமா என்று சில கனவான்கள் கேலி செய்வதுண்டு. இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தலை ஒருநாள் எண்ணெய் தேய்த்து அலசி, கடற்காற்றின் ஈரத்தில் உலர்த்திப் பார்த்துவிட்டு அவர்கள் கேலி செய்யட்டும். பாரிஸில் மார்ஸெல் கிராதோ என்ற நாவிதர் சூடான இடுக்கியால் கூந்தலில் அலை எழுப்பும் முறையைக் கண்டது 1872-இல். அன்றுமுதல் இன்றுவரை இந்த ஆசை குறைந்ததாகத் தெரியவில்லை. அதில் தவறும் ஒன்றுமில்லை. அநேகமாக எல்லாக் கப்பல் அறைகளிலும் ஒரு டிரையர் வைத்திருக்கிறார்கள். அது சாதுவான பிராணி. அடர்ந்த கூந்தலுக்கு அதை நம்பினால் இராச் சாப்பாட்டு மணி அடித்துவிடும். மெல்லிய பருத்தித் துண்டால் ஈரத்தை முக்கால்வாசி எடுத்துவிட்டுப் பிறகு அதைப் பிடித்தால் போதும். சொந்தக் கருவியின் பாரம் மிச்சம். தலைக்கு அடிக்கும் ஸ்பிரே எளிதில் தீப்பற்றக் கூடியது. சூடான இடுக்கியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை அடிக்க வேண்டாம்.

அலங்காரத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு கருவி. உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோயுள்ளவர்கள், முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் 'சீபாப்' கருவியோடுதான் படுக்கிறார்கள். அது இல்லாவிட்டால் அவர்களுக்கு இரவு இரவாக இராது. நம் குடும்பங்களில் இப்படிப்பட்ட பெரியவர்கள் இப்போது பலர். "அங்கே பிடுங்கிக்கொள்வார்களாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கருவியை வீட்டில் வைத்துவிட்டுப் போக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யவே வேண்டாம். வைத்தியத்துக்கான கருவியைக் கப்பலில் தாராளமாக அனுமதிக்கிறார்கள். பிளக் துவாரம் பெரும்பாலும் மேஜைக்கு அருகில் இருக்கும். கட்டில் தூரத்தில் இருக்கும். இதற்காகவே, முன்கூட்டி எழுதித் தெரிவித்தால் கப்பலுக்கு ஏற்ற எக்ஸ்டென்ஷன் வயரை அவர்களே கொடுக்கிறார்கள். கருவிக்கு வேண்டிய காய்ச்சி வடித்த நீரையும் பல கம்பெனிகள் ஏற்பாடு செய்கின்றன. இன்ஸுலின் வைத்துக்கொள்ள அறையில் குளிர்பெட்டி வேண்டுமென்றாலும் அதையும் அப்போதே எழுதிவிட வேண்டும். புறப்படும் தினத்தன்று மேஜையில் நிற்கும் பெண்ணிடம் கேட்டால் அவள் பாவம் என்ன செய்வாள்? வைத்தியர் சீட்டும் கருவியும் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு அறை வாசலில் சேர்ப்பதற்குள் மாலையாகிவிடுவது உண்டு. விமானத்தில் போய்க் கப்பல் ஏறுகிறவர்கள் பவர் பாங்கையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பெரிய பெட்டியில் போட்டால் விமான நிலையத்திலேயே கூப்பிட்டுவிடுவார்கள்.

கப்பல் ஏறுமுன் பெட்டிகளை எல்லாம் எக்ஸ்ரே கருவிக்குள் ஓட்டிப் பார்க்கிறார்கள். இஸ்திரிப் பெட்டி அதில் இஸ்திரிப் பெட்டி மாதிரியேதான் தெரியும். புடவைக்குள் சுற்றி வைத்துப் பயனில்லை. சாயங்காலம் அறை வாசலில் மூன்று பெட்டிகளுக்குப் பதில் இரண்டு வந்து நிற்கும். மூன்றாவதின் சொந்தக்காரர் கீழ்த்தட்டுக்குப் போய், முன்பின் தெரியாதவர்கள் எதிரில் பெட்டியைத் திறந்து காட்டவேண்டும். சாதாரணமாகச் சாமானை எறிந்துவிடுவதில்லை. சீட்டு ஒட்டி வைத்திருந்து இறங்கும்போது கொடுக்கிறார்கள்.

இறங்கும் நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய பெட்டிகளை முதல்நாள் இரவே அறை வாசலில் வைத்துவிடச் சொல்லுவார்கள். காலையில் அவை கரையில் இருக்கும். மறுநாள் தலை சீவி முடிக்க வேண்டிய சீப்பும், ஸ்ட்ரெய்ட்னரும், மாற்றுப் புடவையும் கைப்பையில் இருக்கின்றனவா என்று இரவு படுக்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.