ஊர் பட்டியலை ஊரே படித்திருந்தால் ரூ.110 கோடி போயிருக்குமா?

விழுப்புரம்:

விவசாயமே செய்யாதவர்கள் விவசாயி பெயரில் பணம் வாங்கிய கிசான் திட்ட மோசடியை விழுப்புரம், திண்டிவனம் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2020-ம் ஆண்டு கொரோனா நேரத்தில் அம்பலமான அந்த விவகாரம் சொல்லும் பாடம் ஒன்றுதான். அரசாங்க கணக்கு பொதுமக்கள் கண்ணில் பட்டால்தான் திருடனுக்கு பயம் வரும்.

பாஸ்வேர்டு கைமாறியது

பிரதமரின் கிசான் திட்டம் 2019-ல் தொடங்கியது. சொந்த நிலம் உள்ள விவசாய குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.6 ஆயிரம். 3 தவணையாக வங்கி கணக்கில் விழும்.

விண்ணப்பத்தை ஏற்க வேளாண் அலுவலகங்களுக்கு தனி பாஸ்வேர்டு உண்டு. அது புரோக்கர்கள், கம்ப்யூட்டர் சென்டர்கள் கைக்கு போனது. ஆதார் நகலும் பாஸ்புக்கும் கொடுத்தவர்கள் எல்லாம் "விவசாயி" ஆனார்கள்.

தகுதியில்லாமல் சேர்ந்தவர்கள் சுமார் 5½ லட்சம் பேர், போன பணம் சுமார் ரூ.110 கோடி என்று 2020 செப்டம்பரில் அன்றைய வேளாண் துறை செயலாளர் ககன்தீப் சிங் பேடி அறிவித்தார். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் உள்பட 13 மாவட்டங்களில் மோசடி நடந்திருந்தது. சி.பி.சி.ஐ.டி. போலீசார் விசாரணையில் இறங்கினர்.

படிக்க ஆளில்லை

வேடிக்கை என்னவென்றால், பயனாளிகள் பட்டியல் ஊர் வாரியாக இணையதளத்தில் உள்ளது. அதைப் பார்க்க எந்த பாஸ்வேர்டும் தேவையில்லை. யாருக்கு எத்தனை காணி நிலம் என்பது டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியும். "இவருக்கு ஏதுய்யா நிலம்?" என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

ஆனால் கேட்க இடமில்லை. ஊராட்சி தலைவர்கள் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. மாவட்ட பிரிப்பு காரணமாக 2019 டிசம்பரில் இங்கு தேர்தல் நடக்கவில்லை. 2021 அக்டோபரில்தான் நடந்தது. 2020 ஆகஸ்டு 15 கிராம சபையும் கொரோனாவால் ரத்து. தலைவரும் இல்லை, சபையும் இல்லை. அப்புறம் என்ன, கொண்டாட்டம்தான்!

ரகசியமாக இருக்க வேண்டிய பாஸ்வேர்டு ஊர் சுற்றியது. ஊரே படிக்க வேண்டிய பட்டியல் கேட்பாரற்று கிடந்தது.

கம்ப்யூட்டர் உலகில் லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளும் இப்படித்தான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பலர் பார்ப்பதால் தப்பு வெளியே வரும். விழுப்புரத்தில் இயங்கும் லினக்ஸ் பயனர் குழு இதை மாணவர்களுக்கு இலவசமாக சொல்லித்தருகிறது. இப்படி படித்த பிள்ளைகள் ஊருக்கு 4 பேர் இருந்தால், பட்டியலை தமிழில் அச்செடுத்து ரேஷன் கடை சுவரில் ஒட்டிவிடலாமே!

புது சிக்கல்

இதற்கிடையே 2025 நவம்பரில் தகவல் அறியும் உரிமை சட்டத்தின் ஒரு பிரிவு மாற்றப்பட்டது. "தனிநபர் விவரம்" என்று சொல்லியே அதிகாரிகள் தகவல் தர மறுக்க இது வழிசெய்கிறது. பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்ற 8(2) பிரிவு மட்டும் அப்படியே உள்ளது. கேட்பவர்கள் மனுவில் அதை மறக்காமல் குறிப்பிடுவது நல்லது.

ஆதார் எண், வங்கி கணக்கு எண் மறைக்க வேண்டியவைதான். ஆனால் பெயர், ஊர், வாங்கிய தொகை? அது நம்ம வரிப்பணம்.

மனு கட்டணம் ரூ.10. பதில் தர 30 நாள் கெடு. அடுத்த கிராம சபையில் பட்டியலை சத்தமாக வாசிக்கச் சொல்ல பைசா செலவில்லை. "நமக்கெதுக்கு வம்பு" என்று இருந்தால், அடுத்த மோசடியையும் பேப்பரில்தான் படிக்க வேண்டியிருக்கும்.