கடன் தகராறு அல்ல!

செங்கல் சூளையில் அதிரடி சோதனை! கொத்தடிமைகள் மீட்பு!

இப்படிச் செய்தி வந்தால் படிப்பவர்களுக்கு ஒரு நிம்மதி. அதற்கு அப்புறம் போலீஸ் நிலையத்தில் நடப்பது என்ன?

"நீ அட்வான்ஸ் வாங்கினியா, இல்லையா?"

மீட்டு வந்தவரிடம் பல நேரம் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான். "வாங்கினேன் சார்" என்கிறார், பொய் சொல்லத் தெரியாத அந்த மனிதர். அவ்வளவுதான்! "வாங்கின பணத்தைக் கழிக்காமல் ஓடினால் முதலாளி சும்மா விடுவாரா?" என்று பேச்சு திரும்பிவிடுகிறது. அடிமை வழக்கு, கொடுக்கல் வாங்கல் தகராறு ஆகிவிடுகிறது.

சட்டம் சொல்வது இதற்கு நேர்மாறு. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போக விடாமல், ஊர் திரும்ப விடாமல் வைத்திருப்பதைத்தான் 1976-ம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் குற்றம் என்கிறது. ஆக, அந்த அட்வான்ஸ் முதலாளிக்கு எதிரான சாட்சி! அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டியவரும் முதலாளிதான்.

ஆனால் அந்தச் சட்டத்தில் தண்டனை அதிகபட்சம் 3 ஆண்டு ஜெயில், 2 ஆயிரம் ரூபாய் அபராதம். இன்றைக்கு ஒரு லோடு செங்கல் விலைகூட இல்லை!

ஏமாற்றியோ மிரட்டியோ ஆள் பிடித்து வந்து அடிமை வேலை வாங்கினால் அது ஆள் கடத்தல். 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 143-வது பிரிவு. குறைந்தது 7 ஆண்டு ஜெயில். ஒருவருக்கு மேல் கடத்தினால் 10 ஆண்டு முதல் ஆயுள் வரை. "அவனாத்தானே வந்தான்" என்ற வாதம் எடுபடாது. சம்மதம் கணக்கில் வராது என்று சட்டத்திலேயே இருக்கிறது.

இந்தப் பிரிவு நிற்க வேண்டுமானால் இன்ஸ்பெக்டர் கேட்க வேண்டியது வேறு. ஊரில் வந்து கூப்பிட்டது யார்? சொன்ன கூலி என்ன, கொடுத்த கூலி என்ன? ஊருக்குப் போகிறேன் என்றபோது தடுத்தது யார்? முதலாளி எதிரில் நிற்கும்போது இதைக் கேட்டால் பதில் வராது. ஒடிசாவின் பலாங்கீரில் இருந்து திருவள்ளூர் பக்கத்துச் சூளைக்கு வந்தவர் என்றால், அவர் மொழி தெரிந்த ஆள் வேண்டும். மேஸ்திரியையே மொழிபெயர்க்கச் சொன்னால் விளங்கினாற்போலத்தான்! சூளையின் கணக்கு நோட்டையும் கையோடு பறிமுதல் செய்ய வேண்டும். மறுநாள் அது இருக்காது.

ஆர்.டி.ஓ. கையெழுத்துப் போடும் விடுதலைச் சான்றிதழும் அப்படித்தான். அது கையில் இருந்தால் கடன் ரத்து என்பதற்கு அத்தாட்சி. 30 ஆயிரம் ரூபாய் வரை உடனடி உதவியும் கிடைக்கும். அதைக் கொடுக்காமல் ரெயில் ஏற்றி அனுப்புவது மீட்பா?

அப்புறம் கோர்ட்டு. வாய்தா மேல் வாய்தா. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கூலி வேலை செய்கிறவர் சாட்சி சொல்ல எத்தனை தடவை வருவார்? வீடியோ மூலம் சாட்சி சொல்ல இப்போது சட்டத்தில் இடம் இருக்கிறது. அரசு வக்கீல் மனு போட்டுக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், சம்மன் போய்ச் சேருவதற்குள் புது அட்வான்சோடு மேஸ்திரி அந்த வீட்டு வாசலில் நிற்பார்.