ஒட்டுத்துணிக்கும் கூலிக்கணக்கு உண்டு

வீட்டில் செய்யும் வேலை வேலையே அல்ல என்றொரு பேச்சு நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. தோட்டத்தில் கத்தி பிடித்தால் அது உழைப்பு. ஆபீசில் பேனா பிடித்தால் அதுவும் உழைப்பு. வீட்டிலே தையல் இயந்திரத்தின் முன் ஒரு பெண் முதுகு வலிக்கக் குனிந்திருந்தால் மட்டும் அது "சும்மா இருக்கிற நேரத்தில் செய்கிற கைவேலை" ஆகிவிடுகிறது! இந்தப் பேச்சு தவறானது மட்டுமல்ல, நஷ்டத்தை விளைவிப்பதும் ஆகும் என்பதை நாம் இங்கே எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

இதற்கு ஒட்டுப் போர்வைத் தொழிலை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். குவில்ட் என்று கடைகளில் விற்கிறார்களே, அதுதான். மேலே துண்டுத்துணிகளை இணைத்துத் தைத்த ஒரு விரிப்பு, நடுவில் பஞ்சுத் தகடு, அடியில் முழுத்துணி. இம்மூன்றையும் அடுக்கி, ஊடுருவத் தையல் ஓட்டி, விளிம்பைச் சுற்றிப் பட்டை கட்டினால் போர்வை தயார். பெரிய யந்திரசாலை வேண்டாம். ஒரு தையல் இயந்திரம், ஒரு கத்தரிக்கோல், ஒரு மேசை, நல்ல வெளிச்சம் போதும். ஆகவேதான் பல நாடுகளில் ஏழைப் பெண்கள் வீட்டில் இருந்தபடியே இத்தொழிலில் இறங்கியிருக்கிறார்கள்.

தையற்காரர் கழித்துப் போடும் துண்டுத்துணிக்கு விலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பால்வெட்டுத் தொழிலாளிக்கு இது தெரியாத சங்கதியா? மரத்தில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலைப் பார்த்துப் புதியவன் குப்பை என்பான். நாமோ அதை உரித்துச் சேர்த்து நிறுவைக்குக் கொண்டுபோகிறோம். ஒட்டுப்பாலுக்கு நிறை உண்டு, விலை உண்டு. ஒட்டுத்துணிக்கும் அப்படியே. ஆனால் ஒரு வித்தியாசம். ஒட்டுப்பாலை நிறுக்கத் தராசு இருக்கிறது. வீட்டில் தைப்பவளின் உழைப்பை நிறுக்கும் தராசு எது? அதை அவளேதான் செய்துகொள்ள வேண்டும். அந்தத் தராசுதான் கணக்குப் புத்தகம்.

கிராணிமார்களுக்குக் கணக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. எனினும் எல்லாருக்கும் விளங்கும்படி ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் படுக்கும் கட்டிலுக்கு ஒரு போர்வை என்று வைத்துக்கொள்வோம். துணிக்கு 70 வெள்ளி. பஞ்சுத் தகட்டுக்கு 45 வெள்ளி. நூல், ஊசிக்கு 10 வெள்ளி. மின்சாரம், இயந்திரத் தேய்மானத்துக்கு 5 வெள்ளி. ஆக, பொருட்செலவு 130 வெள்ளி. இனி நேரம்: அளந்து வெட்ட 3 மணி, துண்டுகளை இணைக்க 10 மணி, அடுக்கித் தையல் ஓட்ட 9 மணி, விளிம்பு கட்ட 3 மணி. ஆக 25 மணி நேரம்.

இந்தப் போர்வையை, "கைவேலைதானே, 180 வெள்ளிக்குக் கொடு" என்று ஒருவர் கேட்கிறார். தைத்தவளும், கையில் 180 வெள்ளி வந்ததே என்று மகிழ்ந்து கொடுத்துவிடுகிறாள். பொருட்செலவு போக மிஞ்சியது 50 வெள்ளி. அதை 25 மணியால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 2 வெள்ளி! 2025இல் இந்நாட்டில் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் 8 வெள்ளி 17 காசு. அதில் கால்பங்குகூட இவளுக்குக் கிடைக்கவில்லை. ஒரு முதலாளி இப்படிக் கூலி கொடுத்தால் நாம் சும்மா இருப்போமா? சங்கத்துக்கு ஓடிவர மாட்டோமா? தனக்குத் தானே முதலாளியானவள் தனக்கே இந்த அநியாயத்தைச் செய்துகொள்வதை மட்டும் "வியாபாரம்" என்று எப்படி ஒப்புக்கொள்வது?

குறைந்தபட்சக் கூலியை வைத்தே கணக்கிட்டாலும் 25 மணிக்கு 204 வெள்ளி 25 காசு. பொருட்செலவையும் கூட்டினால் 334 வெள்ளி 25 காசு. லாபம் ஒரு காசும் சேர்க்காத அடக்கவிலை இது. அதற்குக் கீழே விற்றவள் தன் உழைப்பை இனாமாகத் தந்தவளே ஆவாள்.

"அந்த விலைக்கு யார் வாங்குவார்? பேரங்காடியில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே!" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். யந்திரசாலையோடு விலையில் போட்டியிட்டு வீட்டுத் தையற்காரி ஒருநாளும் ஜெயிக்க முடியாது. அதனால் கூலியைக் குறைப்பது வழியல்ல. மணியைக் குறைப்பதே வழி. துண்டுகளைப் பெரிதாக வெட்டினால் இணைக்கும் தையல் குறையும். ஒவ்வொரு துண்டுக்கும் நூலை அறுக்காமல், ஒன்றன்பின் ஒன்றாக இயந்திரத்தில் தொடர்ந்து விட்டு, பின்னர் ஒருசேர அறுத்தால் நேரமும் நூலும் மிச்சம். இப்படி 25 மணியை 15 மணியாக்க முடிந்தால், அதே கூலியில் அடக்கவிலை 252 வெள்ளி 55 காசுக்கு இறங்குகிறது. கூலி குறையவில்லை, வேலை சீரானது.

இரண்டாவது, யந்திரசாலை செய்ய முடியாததைச் செய்ய வேண்டும். இறந்துபோன தாயின் சேலைகளை வெட்டித் தைத்த நினைவுப் போர்வையை எந்தக் கடையில் வாங்க முடியும்? பிறந்த குழந்தையின் பெயரைத் தைத்த சிறு போர்வையை எந்தக் கம்பெனி ஒன்றே ஒன்றாகச் செய்து கொடுக்கும்? இவற்றுக்கு வாங்குவோர் உண்டு; ஏற்ற விலையும் தருவர். ஆனால் முன்பணம் பெறாமல் துணியில் கத்தரி வைக்கக்கூடாது. புதுத்துணியை நனைத்து உலர்த்தாமல் வெட்டவும் கூடாது. முதல் சலவையிலேயே ஒரு துண்டு சுருங்கி, மற்றொன்று சாயம் விட்டால், போர்வையோடு பெயரும் கெட்டுவிடும்.

இவ்வளவும் ஒருத்தி தனியாகச் செய்யக்கூடியவை. ஆனால் தனியாகச் செய்ய முடியாத காரியம் ஒன்று இருக்கிறது. அதுதான் விலையைக் காப்பது. நீங்கள் 250 வெள்ளி கேட்டால், அடுத்த வீட்டுப் பெண் 150க்குத் தருகிறேன் என்பாள். அவளை வைத்து உங்களையும், உங்களை வைத்து அவளையும் வாங்குபவர் மிதிப்பார். கூலிப் போராட்டம் கண்டவர்களுக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல. இதற்கு மருந்தும் புதிதல்ல: ஐக்கியம்!

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் வில்காக்ஸ் என்றொரு வட்டாரம். அங்கே அலபாமா ஆற்று வளைவில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக வைக்கப்பட்ட நீக்ரோ மக்கள் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்டவர்களின் சந்ததியார் அங்கே வாழ்கின்றனர். அடிமைத்தனம் ஒழிந்த பின்னும் அவர்கள் வாரக்குடிகளாகப் பருத்தி பயிரிட்டுக் கடனில் மூழ்கினர். 1932இல் கடன் கொடுத்த வியாபாரி இறந்ததும், அவர் குடும்பத்தார் வந்து தானியம், கருவி, மாடு, கோழி வரை வாரிக்கொண்டு போயினர். அந்தப் பெண்கள் கிழிந்த வேலையுடுப்பையும் மாவுச் சாக்கையும் வெட்டித் தைத்த போர்வைகளே குளிர்காலத்தில் பிள்ளைகளைக் காத்தன.

1965இல் அவ்வட்டாரக் கறுப்பின மக்கள் வாக்குரிமை கேட்டுப் பதிவு செய்யக் கிளம்பினர். அதற்காகவே நிலச்சொந்தக்காரர்கள் பல குடும்பங்களை வீட்டைவிட்டு வெளியேற்றினர். அந்த ஆண்டு டிசம்பரில் பிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியார் ஒரு வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வைகளைக் கண்டார். ஒன்றுக்கு 10 டாலர் வீதம் போர்வைகளை வாங்கி, நியூயார்க்கில் ஏலம் விட ஏற்பாடு செய்தார். 1966 மார்ச்சில் பெண்கள் கூடி, "சுதந்திரப் போர்வைக் கூட்டம்" என்று பொருள்படும் பெயரில் ஒரு கூட்டுறவு ஸ்தாபனத்தை அமைத்தனர். எஸ்டெல் விதர்ஸ்பூன் என்ற அம்மையார் நெடுங்காலம் அதை நிர்வகித்தார்.

அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். விற்ற பணத்தைக் கொண்டு 23 ஏக்கர் நிலம் வாங்கினர். 1969இல் அதில் சொந்தத் தையல் நிலையம் எழுப்பினர். வாக்குக்குப் பதிவு செய்ததால் வீடிழந்த குடும்பங்களுக்கு அந்நிலத்தில் மனை கொடுத்தனர். 1972இல் சியர்ஸ் என்ற பெருங்கடையின் தலையணை உறைத் தையல் வேலை அவர்களுக்குக் கிடைத்தது. ஊசியும் நூலும் ஒரு சமூகத்துக்குத் தரை கொடுத்தன என்றால் அது மிகையல்ல.

இதன் மறுபக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. பெருங்கடைகள் ஒரே அளவு, ஒரே மாதிரி கேட்டன. மனம்போன போக்கில் வண்ணம் சேர்த்த கைகள் அச்சில் வார்த்தாற்போல் தைக்க வேண்டியதாயிற்று. தொடங்கியவர்கள் முதுமையடைந்தனர். 2012இல் அந்த ஸ்தாபனம் மூடப்பட்டது. ஆனால் அந்தக் கைகளின் பெருமை மூடப்படவில்லை. 2002இல் ஹூஸ்டன் நுண்கலைக் காட்சிசாலை ஜீஸ் பெண்ட் போர்வைகளைச் சுவரில் மாட்டி உலகுக்குக் காட்டியது. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால்தலையாக வெளியிட்டது. ஒரே பெரிய வாங்குபவரை மட்டும் நம்பாதே, சொந்தக் கைத்திறனை விட்டுக்கொடாதே, இளையவரைப் பழக்கத் தாமதியாதே. அவர்கள் வரலாற்றில் நாம் காணும் பாடங்கள் இவை.

"அது கூட்டுறவுச் சங்கம். வீட்டில் தைப்பவளுக்குத் தொழிற்சங்கம் ஏது? எதிரே முதலாளியே இல்லையே!" என்று சிலர் கூறலாம். இதே ஆட்சேபத்தை இந்தியாவில் அகமதாபாத் நகரில் சர்க்கார் அதிகாரிகளும் கிளப்பினார்கள். சுயதொழில் பெண்கள் சங்கமாகிய சேவாவைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்ய வழக்கறிஞர் இளா பட் முயன்றபோது, முதலாளி இல்லாமல் யாரை எதிர்த்துச் சங்கம் என்று கேட்டனர். தொழிலாளர் ஒன்றுபடுவதற்கே சங்கம், எவரையோ எதிர்ப்பதற்கு மட்டுமல்ல என்பதே அவர்கள் தந்த விடையின் சாரம். 1972 ஏப்ரலில் சங்கம் பதிவாயிற்று.

அந்நகரின் தரியாப்பூர் பகுதியில் முஸ்லிம் பெண்கள் பலர், ஆலைகள் கழித்த துண்டுத்துணிகளை இணைத்துப் போர்வை உறை தைத்து வந்தனர். துணி வியாபாரியுடையது; இயந்திரமும் நூலும் பெண்ணுடையவை; கூலி உருப்படிக்குச் சில காசுகள். சங்கம் சேர்ந்து கூலி உயர்வு கேட்டபோது வியாபாரிகள் வேலையை நிறுத்தினர். பெண்கள் பணிந்துபோகவில்லை. சபீனா என்ற பெயரில் தாங்களே கூட்டுறவு தொடங்கித் துணி வாங்கித் தைத்து விற்றனர். வீட்டில் கூலிக்கு வேலை செய்வோரையும் மற்றத் தொழிலாளர்க்குச் சமமாக நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1996இல் 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதற்காக வாதாடியவர்களில் சேவாவும் முன்னணியில் நின்றது.

ஆகவே நம் சகோதரிகளுக்கு நாம் கூறுவது இது. தைக்கும் ஒவ்வொரு மணியையும் எழுதி வையுங்கள். கூலியைச் சேர்க்காமல் விலை சொல்லாதீர்கள். தீபகற்பத்தில் வியாபாரம் தொடங்கினால் 1956ஆம் ஆண்டு வியாபாரப் பதிவுச் சட்டப்படி 30 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். இல்லத்தரசிகளுக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பரில் அமலுக்கு வந்தது. ஆண்டுக்கு 120 வெள்ளி சந்தாவில் அதில் சேரலாம். 55 வயதுக்குள் இருப்பவர்கள் இதை விசாரித்து அறிந்துகொள்ளுங்கள். தைக்கிற பெண்கள் நாலைந்து பேர் கூடி, பஞ்சும் துணியும் மொத்தமாக வாங்குங்கள். ஒரே விலைப்பட்டியல் வையுங்கள். அந்த விலைக்குக் கீழே ஒருவரும் இறங்குவதில்லை என்று வாக்குக் கொடுத்துக்கொள்ளுங்கள்.

ஆண் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவி தைத்துச் சம்பாதித்த பணத்தைக் "கைச்செலவுக் காசு" என்று சொல்வதை நிறுத்துங்கள். அவள் இயந்திரத்தின் முன் உட்காரும் நேரத்தில் அடுப்பையும் குழந்தையையும் நீங்கள் பாருங்கள். கிராணியாக இருப்பவர்கள் மாலையில் அரைமணி உட்கார்ந்து அந்தப் பெண்களுக்கு வரவு செலவு எழுதப் பழக்குங்கள். ரப்பர் மரங்கள் நின்ற எத்தனையோ தோட்டங்கள் இன்று எண்ணெய்ப்பனைக்கு மாறிவிட்டன. வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிவிட்டன. வேலை இழந்த குடும்பங்கள் பலவற்றில் உலை கொதிப்பது பெண்ணின் கைத்தொழிலால்தான். அந்தத் தொழிலுக்கு நியாயமான கூலி இல்லையென்றால், நாம் போராடிப் பெற்ற கூலி உயர்வு வாசலோடு நின்றுவிடும், வீட்டுக்குள் நுழையாது.

துண்டு துண்டாய்க் கிடந்தால் அது கந்தல். சேர்த்துத் தைத்தால் அதுவே குளிர் காக்கும் போர்வை. சகோதரிகளே, சேருங்கள்!